டாக்டர் வஞ்சிருவும் வாடகை வீடும்

மனநல மருத்துவமனையில் சமூகப் பணியாளர் என்பது என் வேலையின் பெயர். பார்க்கிற வேலை என்னவோ வீட்டு புரோக்கர் வேலை. மருந்து எழுதுவது டாக்டர். உட்கார வைத்துப் பேசுவது சைக்காலஜிஸ்ட். நோயாளிக்குக் குணமாகி, இனி இவரை எங்கே கொண்டுபோய் விடுவது என்ற கேள்வி வந்தால் மட்டும் எல்லாரும் ஒன்றாகத் திரும்பி என் முகத்தைப் பார்ப்பார்கள். பெங்களூரில் டூலெட் பலகையைப் பார்த்து வண்டியை நிறுத்தி, "எந்த ஊரு, என்ன ஆளுங்க, ஃபேமிலியா, நான்வெஜ் உண்டா" என்ற பரீட்சையில் உட்கார்ந்து ஃபெயிலானவர்கள் உங்களில் நிறையப் பேர் இருப்பீர்கள். நீங்களெல்லாம் என் சொந்தக்காரர்கள். உங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வது?

எங்கள் மருத்துவமனை பொம்மனஹள்ளியில் ஒரு அறக்கட்டளை நடத்துகிற சின்ன இடம். அங்கே எங்கள் தலைமை மருத்துவரிடம் மேற்பயிற்சிக்காகக் கென்யாவிலிருந்து டாக்டர் வஞ்சிரு என்ற பெண்மணி வந்தார். அவருடைய மாவட்டத்துக்கு அவர்தான் முதல் மனநல மருத்துவர். அவருக்கு முன்னால் அங்கே அப்படி ஒருவர் கிடையாது. இங்கே கற்றுக்கொண்டு போய் முதல் வார்டை அவர்தான் திறக்க வேண்டும். அவருக்கு மொழிபெயர்ப்பாளர், வழிகாட்டி, சண்டைக்கூட்டாளி எல்லாம் நான்தான்.

எந்த வெளிநாடு?

நோயாளிகளுக்கு வீடு தேடுவது இருக்கட்டும், முதலில் டாக்டருக்கே வீடு தேட வேண்டியிருந்தது. போனில் எல்லாரும் உருகினார்கள். டாக்டரா, ரொம்ப சந்தோஷம். வெளிநாடா, அதைவிட சந்தோஷம். நேரில் போய் நின்றால்தான் கதை மாறும். ஒரு வீட்டில், அமெரிக்காவிலிருந்து தம்பி குடும்பம் திடீரென்று வருகிறது என்றார்கள். இன்னொரு வீட்டில் அந்தப் பக்கம் தண்ணீரே வருவதில்லை என்றார்கள். சொன்னவருக்குப் பின்னால் குழாயில் தண்ணீர் பாட்டுக்குக் கொட்டிக்கொண்டிருந்தது. எனக்கு அவமானத்தில் காது சுட்டது. டாக்டர் மட்டும் நிதானமாக, "அடுத்த வீட்டில் நாமே முந்திக்கொண்டு வீடு பிடிக்கவில்லை என்று சொல்லிவிடலாம் கலா, பாவம், அவர்கள் பொய் தேட வேண்டியதில்லை" என்றார்.

கடைசியில் மருத்துவமனை மாடியில், மருந்து வைக்கிற அறைக்குப் பக்கத்து அறையைத்தான் அவருக்கு ஒழித்துக் கொடுத்தோம். நான் கோபத்தோடு புரோக்கரைக் கூப்பிட்டு நாலு வார்த்தை கேட்டேன். அவருக்கு என்னைவிட அதிகக் கோபம். "மேடம், டாக்டர்னு சொன்னீங்க, சரி. வெளிநாடுன்னு சொன்னீங்க, சரி. எந்த வெளிநாடுன்னு ஒரு வார்த்த சொன்னீங்களா?"

மெல்லக் கூடாது

ரேணுகா வார்டுக்கு வந்தபோது யாரோடும் பேசவில்லை. ஓசூர் ரோட்டில் ஒரு கார்மென்ட்ஸில் செக்கிங் வேலை பார்த்தவள். சொந்த ஊர் பாலக்கோடு பக்கம். காதில் குரல்கள் கேட்க ஆரம்பித்து, வேலை போய், அண்ணன் கொண்டுவந்து சேர்த்துவிட்டு போன் நம்பரை மாற்றிக்கொண்டார். மருந்து ஏற ஆரம்பித்தும் வாயைத் திறக்கவில்லை. சாப்பாட்டுத் தட்டை அப்படியே திருப்பி அனுப்புவாள். நான் கெஞ்சிப் பார்த்தேன், அதட்டிப் பார்த்தேன். சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒருநாள் கேன்டீனில் ராகிக் களியும் கீரைக் குழம்பும். டாக்டர் வஞ்சிருவுக்குக் களியைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது. அவர்கள் ஊரில் மக்காச்சோள மாவில் இதே மாதிரி கிண்டிச் சாப்பிடுவார்களாம். ராகியில் கூழும் காய்ச்சுவார்களாம். தட்டை எடுத்துக்கொண்டு ரேணுகாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். ஒன்றும் கேட்கவில்லை. களியைக் கிள்ளி, உருட்டி, கட்டை விரலால் குழி செய்து, குழம்பைத் தொட்டு, வாயில் போட்டு நன்றாக மென்றார். ரேணுகா சுவரிலிருந்து கண்ணை எடுத்தாள். டாக்டர் மெல்ல மெல்ல, அவள் முகம் சுளித்துக்கொண்டே வந்தது. வாரக்கணக்கில் திறக்காத வாய், பொறுக்க மாட்டாமல் திறந்தது. "களிய மெல்லக் கூடாது டாக்டர். முழுங்கணும்."

வார்டு லாட்ஜ் இல்லை

அன்றிலிருந்து ரேணுகா படிப்படியாகத் தேறினாள். அடுத்த ஆண்டுக்குள் கேன்டீனில் காய் நறுக்கினாள், கணக்குப் பார்த்தாள், மாத்திரையை யாரும் நினைவுபடுத்தாமல் போட்டுக்கொண்டாள். பழைய கம்பெனி சூப்பர்வைசர் வந்து பார்த்துவிட்டு, வந்தால் மறுபடி எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். இல்லாதது ஒன்றுதான்: இருக்க ஓர் இடம். அண்ணன் வீட்டுக்கு நான் நேரிலேயே போனேன். அண்ணி கதவுச் சங்கிலியை எடுக்காமலே பேசி அனுப்பினார்.

எங்கள் அறக்கட்டளைச் செயலாளர் நல்ல மனிதர், ஆனால் கட்டில் எண்ணிக்கையைத் தவிர வேறு எதையும் யோசிக்க மாட்டார். குணமானவளை வார்டில் வைத்திருக்க முடியாது, டாக்டர் வஞ்சிரு ஊருக்குக் கிளம்புவதற்குள் வீடு பாருங்கள், இல்லாவிட்டால் ஊருக்கு வெளியே இருக்கிற காப்பகத்துக்கு அனுப்புவோம் என்றார். அந்தக் காப்பகத்தை நான் பார்த்திருக்கிறேன். சுத்தமான இடம், வேளைக்குச் சாப்பாடு, பெரிய இரும்பு கேட். உள்ளே போனவர்கள் வேலைக்கும் போவதில்லை, வெளியேயும் வருவதில்லை. ரேணுகாவுக்கும் அது தெரியும். "அங்க போனா நான் மறுபடியும் சுவத்தப் பாக்க ஆரம்பிச்சுடுவேன் கலாக்கா" என்றாள். டாக்டர் செயலாளரிடம், இந்தத் தெருக்களிலேயே ஒரு வீட்டில் அவளைக் குடி வைக்காமல் நான் விமானம் ஏறப் போவதில்லை என்று சொன்னார். செயலாளர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "டாக்டர், உங்க ஊர்ல நடக்கும். இது பெங்களூரு. இங்க நல்லா இருக்கறவனுக்கே வீடு கெடைக்கறதில்ல."

கத்தி எடுக்காத டாக்டர்

இவருக்கு ஏன் இவ்வளவு பிடிவாதம் என்று எனக்குப் புரியவில்லை. ஒரு மதியம் டீ குடிக்கும்போது கேட்டேவிட்டேன். டாக்டருக்கு ஒரு அண்ணன் இருந்தார். பள்ளிக்கூட வாத்தியார். அவருக்கு இதே நோய் வந்தது. நாளெல்லாம் பஸ்ஸில் போனால்தான் மனநல ஆஸ்பத்திரி. அங்கே சேர்த்தார்கள், நன்றாகக் குணமாகித் திரும்பி வந்தார். ஆனால் பள்ளிக்கூடம் வேலை கொடுக்கவில்லை, குடியிருந்த வீட்டுக்காரர் சாமான்களை வெளியே வைத்துவிட்டார். ஒவ்வொரு சொந்தக்காரர் வீடாகத் தங்கிப் பார்த்தார், எங்கேயும் நிலைக்கவில்லை. மாத்திரையை நிறுத்தினார். பிறகு ஒருநாள் எங்கே போனார் என்றே தெரியவில்லை. "மருந்து அவனைக் குணமாக்கியது. குணமானவன் போய்த் தங்குவதற்கு ஒரு கதவுகூடத் திறக்கவில்லை" என்றார் டாக்டர்.

அதற்காகத்தான் இந்தப் படிப்பைத் தேர்ந்தெடுத்தாராம். கூடப் படித்தவர்கள் அறுவை சிகிச்சை, பிரசவம் என்று போனார்கள். இவர் போன வழியில் இவருடைய மாவட்டத்திலிருந்து யாரும் போனதில்லை. பட்டம் வாங்கி வந்ததும் அவருடைய அம்மா கட்டிப்பிடித்து அழுதுவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாராம்: "அறுக்கவும் மாட்டே, தைக்கவும் மாட்டே. உக்காந்து பேசறதுக்கா இத்தன வருஷம் படிச்சே?"

சொல்லாமலே இருந்திருக்கலாம்

வீடு தேட ஆரம்பித்தோம். எனக்கு இந்தத் தொழிலில் ஒரு நெளிவுசுளிவு உண்டு: கார்மென்ட்ஸில் வேலை, தனி ஆள், சத்தம் போடாத பெண் என்று மட்டும் சொல்லி வீட்டைப் பிடித்துவிட வேண்டும். டாக்டர் ஒப்புக்கொள்ளவே இல்லை. நோய் இருந்தது, குணமாகிவிட்டது, மாத்திரை சாப்பிடுகிறாள், ஏதாவது என்றால் எங்களைக் கூப்பிடுங்கள், இதைச் சொல்லித்தான் வீடு கேட்க வேண்டும் என்றார். ஒளித்து வைத்தால் ரேணுகா மாத்திரையையும் ஒளித்து வைக்க வேண்டிவரும், மாத்திரையை ஒளிப்பவள் ஒருநாள் அதை நிறுத்துவாள் என்றார். அவர் சொன்னது நியாயம். நியாயத்தை வைத்துக்கொண்டு பெங்களூரில் வீடு கேட்டுப் பாருங்கள், அப்போது தெரியும். ஓசூர் ரோட்டில் மெட்ரோ ஓட ஆரம்பித்த பிறகு வீட்டுக்காரர்களுக்கு ஆளுக்கா பஞ்சம்?

வெயிலில் தெருத் தெருவாக அலைந்தோம். நான் உண்மையைச் சொல்லச் சொல்ல எதிரே இருக்கிற முகங்கள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டன. ஒருவர் காபியே கொடுத்தார். டாக்டரிடம் அவர் நாட்டு மழையைப் பற்றியெல்லாம் விசாரித்தார். வீடு காட்டினார், ரேணுகாவின் வேலையைக் கேட்டார், எல்லாம் திருப்தி. கடைசியில் நான் நோயைப் பற்றிச் சொன்னதும் நெற்றியில் கை வைத்துக்கொண்டார். உண்மையிலேயே வருத்தப்பட்டார். "இத நீங்க சொல்லாமலே இருந்திருக்கலாமே மேடம். எனக்கும் நிம்மதி, உங்களுக்கும் வீடு."

பேர் எழுதணுமா

அன்று திரும்பி வர ஆட்டோ பிடித்தோம். மருத்துவமனை பெயரைச் சொன்னதும் டிரைவர் கண்ணாடியில் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்க்க ஆரம்பித்தார். எனக்கு இருந்த எரிச்சலில், "என்னண்ணா பாக்கறீங்க, ரெண்டு பேருமே அங்க வேலை செய்யறவங்கதான்" என்று சுள்ளென்று சொல்லிவிட்டேன். அவர் சில்க் போர்டு சிக்னல் நெரிசலில் நின்றபோதுகூட ரோட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. வாசலில் இறக்கிவிட்டு, சில்லறை கொடுத்து, வண்டியைக் கிளப்பாமல் நின்றார். பிறகு என்னைப் பார்க்காமல், ஹேண்டில்பாரைப் பார்த்துக்கொண்டு கேட்டார். "மேடம், உள்ள வந்து டாக்டரப் பாக்கணும்னா பேரு எழுதித்தான் ஆகணுமா?"

பேய்க்கு லீவு கிடையாது

சிவாஜிநகர் பக்கம் ஒரு சின்ன அம்மன் கோயில் இருக்கிறது. எங்களிடம் வருகிறவர்களில் பலர் கையில் அந்தக் கோயில் கயிறு இருக்கும். எங்கள் ஆட்களுக்கு அதைப் பார்த்தாலே பிடிக்காது. டாக்டர் வஞ்சிரு மட்டும் அந்தப் பூசாரியைப் பார்த்தே ஆக வேண்டும் என்றார். அவருடைய ஊரிலும் நோயாளி முதலில் போவது மந்திரிப்பவரிடம்தான். அவரோடு பேசாத டாக்டரிடம் யாரும் வர மாட்டார்களாம். போனோம். டாக்டர் செருப்பை விட்டுவிட்டு, பூசாரிக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து, நான் உங்களிடம் உதவி கேட்டு வந்திருக்கிறேன் என்றார். உங்களிடம் கயிறு கட்டிக்கொண்ட, பீன்யாவில் லேத் வேலை பார்க்கிற ஒருவன் மாத்திரையைத் தொடவே மாட்டேன் என்கிறான், நீங்கள் சொன்னால் கேட்பான் என்றார். பூசாரி அந்த நிமிஷமே அவன் வீட்டுக்குப் போன் போட்டு, விபூதி பூசிக்கொண்டு அடுத்த வேலையாக மாத்திரையைப் போட வேண்டும், அம்மன் உத்தரவு என்று சொல்லிவிட்டார்.

பேச்சோடு பேச்சாக நான் வீடு கிடைக்காத கதையைப் புலம்பினேன். பூசாரி யோசித்துவிட்டு, வெள்ளிக்கிழமை தவறாமல் வருகிற சரோஜம்மாவுக்கு பொம்மனஹள்ளியில் மூணு மாடிக் கட்டிடம் இருக்கிறது, ஒரு போர்ஷன் காலி, நான் அனுப்பினேன் என்று போய்ச் சொல்லுங்கள் என்றார். நாங்கள் எழுந்தபோது டாக்டரிடம் மருத்துவமனை எந்தெந்த நாள் திறந்திருக்கும் என்று விசாரித்தார். நான் சொன்னேன். அவருக்கு அது சரிப்படவில்லை. "ஞாயித்துக்கிழமை மூடிட்டுப் போயிடறீங்க. பேய் லீவு போடறதில்லம்மா." அடுத்த வாரத்திலிருந்து டாக்டர் ஞாயிறு காலையும் உட்கார ஆரம்பித்தார். அவரால் என் ஞாயிறும் போயிற்று.

பால் காய்ச்சினோம்

சரோஜம்மா எல்லாவற்றையும் கேட்டார். மாத்திரையின் பெயரைக்கூடக் கேட்டார். பூசாரி சொன்னால் சரி, ஆனால் மேலேயும் கீழேயும் குடித்தனக்காரர்கள் இருக்கிறார்கள், அவர்களில் ஒருவர் முகம் கோணினாலும் ரேணுகா பெட்டியைத் தூக்க வேண்டும் என்றார். அதற்கென்ன, பால் காய்ச்சுகிற அன்று எல்லாரையும் கூப்பிடுகிறோம், வந்து அவளைப் பார்க்கட்டும் என்றேன். டாக்டர் கிளம்ப இன்னும் சில நாள்தான் இருந்தது. இந்த வீடு போனால் காப்பகம்தான்.

அன்று காலை ரேணுகா ஒவ்வொரு கதவாகத் தட்டி அழைத்துவிட்டு வந்தாள். யாரும் வரவில்லை. மாடியில் டிவி ஓடுகிறது, கீழே குக்கர் விசில் அடிக்கிறது, ஒரு கதவும் திறக்கவில்லை. சரோஜம்மாகூட வாசற்படிக்கு வெளியிலேயே நின்றார். காலை உள்ளே வைக்கவில்லை. ரேணுகா புதுப் பாத்திரத்தில் பாலை ஊற்றி அடுப்பில் வைத்தாள். பால் நுரைத்து மேலே வந்தது. விளிம்பைத் தொடப்போகிற நேரம், பக்கத்தில் நின்ற டாக்டர் பாய்ந்து அடுப்பை அணைத்துவிட்டார். நல்ல வேளை, காப்பாற்றிவிட்டேன் என்கிற மாதிரி எங்களைப் பார்த்துச் சிரித்தார். பால் பொங்கி வழிவதற்குத்தான் இவ்வளவும் என்று அவரிடம் சொல்லி வைக்க எனக்குத் தோன்றவே இல்லை.

"என்ன டாக்டர் இப்படிப் பண்ணிட்டீங்க, பொங்கற பால யாராச்சும் அணைப்பாங்களா" என்று சரோஜம்மா போட்ட சத்தம் மூன்று மாடிக்கும் கேட்டிருக்கும். சத்தம் போட்டுக்கொண்டே உள்ளே வந்துவிட்டார். மாடிக் கதவு திறந்து, என்னாச்சு ஆன்ட்டி என்று ஒரு பெண் இறங்கி வந்தாள். எதிர் போர்ஷன் அம்மாள் வந்தார், கீழ் வீட்டுத் தாத்தா வந்தார், பிள்ளைகள் வந்தார்கள். அபசகுனம் என்றால் நம் ஜனங்கள் வீட்டுக்குள் உட்கார்ந்திருப்பார்களா? அடுப்பைக் கிழக்கே திருப்பு என்றார் ஒருவர். புதுப் பால் வாங்கு என்றார் இன்னொருவர். அந்தச் சின்ன சமையலறையில் ஆளுக்கொரு பேச்சு. பாவம், டாக்டர் மூலையில் ஒடுங்கிப்போனார். அந்தக் கூட்டத்தில் பதறாமல் நின்றவள் ரேணுகா ஒருத்திதான். "ஒண்ணும் ஆகலம்மா, இருங்க" என்று சொல்லிவிட்டு, மீதி இருந்த பாலையும் ஊற்றி அடுப்பை மறுபடி பற்றவைத்தாள். இன்னொரு கையால் டாக்டரின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள், மறுபடியும் அணைத்துவிடக் கூடாதே என்று. பால் பொங்கி நாலு பக்கமும் வழிந்தது. சர்க்கரை போட்டு ஆற்றி, டம்ளர்களில் ஊற்றித் தட்டை நீட்டினாள். ஒருவரும் கை நீட்டவில்லை. அவளும் தட்டைக் கீழே வைக்கவில்லை. சரோஜம்மா அவள் முகத்தையே பார்த்தார். பிறகு ஒரு டம்ளரை எடுத்து அண்ணாந்து குடித்தார். "சக்கர கொஞ்சம் கம்மி" என்றார் மற்றவர்களிடம். "எடுத்துக்குங்க, ஆறிடும்."

படிக்கட்டுச் சத்தம்

டாக்டர் வஞ்சிரு சொன்ன தேதியில் ஊருக்குப் போனார். விமான நிலையத்தில் நான்தான் அழுதேன். அவர் ரேணுகாவின் மாத்திரை அளவை எனக்கு இன்னொரு தடவை ஒப்பித்தார். அங்கே ஒரு பழைய ஆரம்ப சுகாதார நிலையத்தில் வார்டைத் திறந்துவிட்டார். போன் செய்யும்போதெல்லாம் முதலில் ரேணுகாவைத்தான் விசாரிப்பார். போன வாரம் அவர் கூப்பிட்டபோது நான் அந்தக் கட்டிடத்துப் படிக்கட்டில் ஏறிக்கொண்டிருந்தேன். மேலே சரோஜம்மாவின் குரல் தெருவரை கேட்டது. "ஏய் ரேணுகா, மோட்டார் போட்டு எவ்ளோ நேரமாச்சு, பக்கெட் வெக்காம என்ன பண்றே? அப்புறம் வந்து, அக்கா, தண்ணி இல்லன்னு நிக்கக் கூடாது, சொல்லிட்டேன்." அதற்கு ரேணுகா, "ஷிஃப்டுக்கு நேரமாச்சு, ராத்திரி புடிச்சுக்கறேன் போங்க" என்று அதே சத்தத்தில் பதில் கொடுத்தாள்.

நான் டாக்டருக்கு அப்படியே மொழிபெயர்த்துச் சொன்னேன். இரண்டாவது தடவையும் சொல்லச் சொல்லிக் கேட்டார். அவருடைய வார்டில் ஒரு தச்சர் குணமாகி உட்கார்ந்திருக்கிறாராம். இவர் தினமும் வண்டியை எடுத்துக்கொண்டு வீடு கேட்டு அலைகிறாராம். எல்லாரும் நன்றாகக் காபி கொடுக்கிறார்களாம். பிறகு சொன்னார்: "இங்கே இன்னும் யாரும் சத்தம் போட ஆரம்பிக்கவில்லை கலா. போட வைக்கிறேன்."

இத்தனை வருஷ அனுபவத்தில் நான் கண்டது இவ்வளவுதான்: டாக்டர் கையெழுத்துப் போட்டால் ஆள் டிஸ்சார்ஜ் ஆகலாம், ஆனால் ஹவுஸ் ஓனர் தண்ணீருக்காகத் திட்டினால்தான் பூரண குணம்.